உண்டியலை உடைக்கும் நாள்

வேளச்சேரியில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவ்வயல்கள் மாடி வீடுகளாயின. 2007ஆம் ஆண்டு முதல் பறக்கும் ரயிலும் அங்கே வந்து நிற்கிறது. ஊர் இவ்வளவு மாறிய பின்னும் இல்லத்தரசிகளின் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. கடையிலும் பஸ்ஸிலும் மிஞ்சிய சில்லறையை மண் உண்டியலிலோ, பழைய பால் மாவு டப்பாவிலோ, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலுள்ள செம்பிலோ போட்டு வைக்கிறார்கள். தறிக் கூலி வாங்கும் வீடாயினும், காய்கறி விளைவித்து விற்கும் வீடாயினும், நம் அங்கத்தினர் இல்லங்களிலும் இதே வழக்கந்தான். சேர்ப்பது எளிது. அதை எப்பொழுது கொட்டி எண்ணிப் பாங்கில் கட்டுவது என்பதிலேதான் மனம் ஊசலாடுகிறது. “இன்னும் கொஞ்சம் சேரட்டும்” என்பார் ஒருவர். “அதிலே பழைய காசு இருக்கும், லட்சக்கணக்கில் விலை போகுமாம்” என்பார் மற்றொருவர். இவ்விரண்டு எண்ணங்களையும் சற்று ஆராய்வோம்.

வைத்திருந்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கை காரணமின்றிப் பிறந்ததன்று. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடையுள்ளது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இன்றைய அளவில் சொன்னால் 11.66 கிராம் எடையில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினர். 1940இல் சர்க்கார் நாணயத்திலுள்ள வெள்ளியைச் சரிபாதியாகக் குறைத்தது. ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிட்டது. பின்னர் 1941 முதல் 1943க்குள் பழைய வெள்ளி ரூபாய்கள் ஒவ்வோர் அரசர் உருவமாகச் செல்லாதவை ஆக்கப்பட்டன. அப்பொழுது கஜானாவில் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு ரூபாய் கிடைத்தது. கொடுக்காமல் பெட்டியில் வைத்தவர்களிடம் செல்லாக் காசு நின்றது. ஆனால் அது வெள்ளியாக நின்றது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று அதைத் தட்டான் கடைக்குக் கொண்டு சென்றால் முகமதிப்பைப் போலப் பன்மடங்கு பெறுவர். 1947இல் வெள்ளி அறவே நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது. பாட்டியின் பெட்டியில் கண்ட பலன் நம் உண்டியலிலும் கிட்டும் என்று எண்ணுவோர், இந்த 1947ஆம் ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

நம் கைக்கு வரும் ஒரு ரூபாய் 1992 முதல் எவர்சில்வர் இனத்து எஃகினால் ஆனது. அதிலுள்ள உலோகத்தின் மதிப்பை எண்ணி அதைப் பதுக்குவதில் பொருளில்லை. செம்பும் நிக்கலும் கலந்த முந்தைய நாணயங்களின் கதை வேறு. 2007ஆம் ஆண்டில் கல்கத்தாப் பக்கம் கடும் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நாணயங்கள் எல்லை தாண்டிச் சென்று சவர பிளேடாக உருக்கப்படுகின்றன என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வழியை நம்மவர் எவரும் நினைத்தல் ஆகாது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தேவைக்கு மிக அதிகமாகக் காசைச் சேர்த்து, முகமதிப்பிற்கு மேல் விற்கவோ உருக்கவோ வைத்திருப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. பாங்கில் கட்டுவதற்காகச் சேமிக்கும் குடும்பத்தார் இது குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

பதுக்கியவர்கள் பயனடைந்த கதையைக் கூறினோம். அதற்கு நேர்மாறான கதை அண்மைக் காலத்தது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் இனிச் செல்லா என்று 2010 டிசம்பரிலேயே அறிவிப்பு வெளியாயிற்று. 2011 ஜூன் 29 மாலை வரை பாங்குகளில் மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. மறுநாளிலிருந்து அவை வெறும் உலோகத் துண்டுகள். ஆறு மாத அவகாசம் தந்தும், நாடெங்கும் எத்தனையோ டப்பாக்களில் நாலணாக் காசுகள் அப்படியே தங்கிப் போயின. அலுமினியப் பத்து பைசாவை இன்று வைத்திருப்பவருக்கு வெள்ளி ரூபாய் வைத்திருந்த பாட்டிக்குக் கிடைத்த ஆறுதல் இல்லை. அதன் உலோகத்திற்கு விலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. (தாமரை பொறித்த மஞ்சள் நிற 20 பைசா மட்டும் விலக்கு. 1968 முதல் சில ஆண்டுகள் வெளிவந்த அக்காசு நூற்றெட்டு சேர்த்து இலக்ஷ்மி பூஜை செய்வோர் வீடுகளில் இன்றும் மரியாதையுடன் வாழ்கிறது.)

ஆகவே, தேடிப் பார்க்கவே வேண்டாமா? தேடலாம், தேடுவதில் இன்பமும் உண்டு. ஆயினும் ஒரு பிற்பகலுக்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. காசுகளைப் பழைய வேட்டியொன்றில் பரப்பி அவற்றின்மேல் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். எவர்சில்வர்க் காசுகள் தாவி ஒட்டிக்கொள்ளும். இவற்றில் மிகப் பெரும்பான்மை சாதாரணக் காசுகளே. இவற்றை நேரே பாங்குப் பைக்கு அனுப்பலாம். ஒட்டாமல் கிடப்பவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொன்னிற 5 ரூபாய்கள் அவற்றிலிருக்கும். 1992 முதல் வந்த கனத்த, ஒன்பது கிராம் எடையுள்ள வெண்ணிற 5 ரூபாயும், இந்திய வரைபடம் பொறித்த பதினொரு பக்க 2 ரூபாயும் இருக்கும். ஒட்டியவற்றிலும் ஒன்று கவனிக்கத்தக்கது: 1947இன் நிக்கல் ரூபாயும் காந்தத்தில் ஒட்டும். அரசர் தலை இருந்தால் வெள்ளியென்று மகிழ்ந்துவிடாமல் காந்தத்தைக் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

ஆண்டிற்குக் கீழே உள்ள சிறு குறியைக் குழந்தைகளிடம் காட்டுங்கள். சாய்சதுரம் பம்பாய் அக்கசாலை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாதது கல்கத்தா. நினைவு நாணயங்களும் அகப்படலாம். 1987இல் சிறு விவசாயிகளைப் போற்றி வந்த ஒரு ரூபாய், 1995இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்துடன் வந்த நாணயம், 2009இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கு வந்த 5 ரூபாய் முதலியவை நமக்கு உவப்பானவை. உவப்பிற்காக ஒன்றிரண்டை எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. விலைக்காக என்றால் ஏமாற்றமே மிஞ்சும். புழக்கத்திற்காக ஏராளமாக அச்சிடப்பட்டவை அவை. அச்சு பிறழ்ந்த காசு, ஒருபுறம் வழுக்கையாக விழுந்த காசு போன்றவற்றிற்கே சேகரிப்போர் கூடுதலாகக் கொடுப்பர். அத்தகைய காசு அகப்பட்டால் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். துலக்கிய காசைக் கண்டாலே சேகரிப்போர் முகம் சுளிப்பார்கள். ஐயமிருப்பின் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். எது அரிது என்ற கண் தானே வந்துவிடும்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய்க்கு லட்சம் கிடைக்கும் என்று கைப்பேசியில் வரும் செய்தியை நம்பிக் காத்திருப்போர் சிலரை நாம் அறிவோம். காத்திருப்பதோடு நின்றால் நஷ்டம் சிறிது. “உங்கள் காசை நாங்கள் வாங்குகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்” என்று ரிசர்வ் பாங்கின் பெயரைச் சொல்லியே பணம் பறிக்கும் கூட்டத்தாரும் உண்டு. அப்படி எவருக்கும் தாங்கள் அதிகாரம் அளிக்கவில்லையென்று ரிசர்வ் பாங்கே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்கும் வியாபாரம் சந்தையில் எங்கேனும் உண்டா?

இனி, “இன்னும் சேரட்டும்” என்னும் எண்ணத்தைப் பார்ப்போம். உண்டியலில் 3,000 ரூபாய் இருக்கிறதென்று கொள்வோம். 2011இல் வந்த வகை ஒரு ரூபாய் 3.79 கிராம், ஆகவே அத்தனையும் ஒற்றை ரூபாயாயின் பதினொரு கிலோவிற்கு மேல் கனக்கும். அதே தொகை ஆண்டுக்கு 6 சதம் கூட்டு வட்டியில் ஐந்தாண்டு கிடந்தால் 4,014 ரூபாயாகும். மண் கலயத்திலோ மூவாயிரம் மூவாயிரமாகவே இருக்கும்; அதற்குள் அரிசி விலையும் நூல் விலையும் ஏறியிருக்கும். அந்த 1,014 ரூபாயை எவரும் திருடவில்லை. ஆயினும் அது வீட்டுக்கு வரவில்லை.

ஆனாலும் உண்டியலை முற்றிலும் ஒழிக்க வேண்டுமென்று நாம் கூறமாட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டிற்குள் நீர் புகுந்தது. மின்சாரம் நின்றது. அலமாரியில் நனைந்த நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காசுக்கு அந்த விபத்து இல்லை. அடுத்த ஆண்டே, 2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்தபோது, பாலுக்கும் காய்கறிக்கும் உண்டியலை உடைத்த குடும்பங்கள் பல. எனவே சில நாள் வீட்டுச் செலவிற்கான அளவு, அதாவது ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத காசு, எப்பொழுதும் வீட்டிலிருப்பது தகும். அதற்கு மேற்பட்டதே சேமிப்பு. சேமிப்பு பாங்கில் இருக்க வேண்டியது.

நாளைப் பற்றி நம் அபிப்பிராயம் இது. உண்டியல் நிறைந்ததா, விலை ஏறியதா என்று பார்த்துக்கொண்டிராமல், ஆண்டிற்கு இரண்டு நாள் முன்கூட்டியே குறித்துவிடுவது நல்லது. போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது ஒன்று. ஆடி பிறக்கும்போது மற்றொன்று. ஆடிப் பட்டத்து விதைச் செலவும், தீபாவளி விற்பனைக்கு வாங்க வேண்டிய நூல் பாவும் அப்பொழுதுதான் கையைக் கடிக்கும். இடையில் ஏதேனும் ஒரு காசைச் சர்க்கார் திரும்பப் பெறப் போவதாக அறிவித்தால் மட்டும் நாளுக்குக் காத்திராமல் அந்த வாரமே செல்ல வேண்டும்.

பாங்கிற்குப் போவதிலும் சிலருக்குத் தயக்கம் உண்டு. சில்லறை மூட்டையைக் கண்டதும் குமாஸ்தா சலித்துக்கொள்வார் என்ற அச்சம். வாடிக்கையாளரிடமிருந்து எந்த அளவிலும் நாணயம் பெற்றுக்கொள்ளப் பாங்குகளுக்குத் தடையில்லை. எந்தக் கிளையும் மறுக்கலாகாது என்பது ரிசர்வ் பாங்கின் கட்டளை. கடைக்காரருக்கு ஒரே தவணையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் காசாகக் கொடுக்க இயலாது என்ற சட்ட வரம்பு பாங்கில் போடும் பணத்திற்குத் தடையன்று. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டு செல்லுங்கள். 2011இல் வந்த வகை ஒரு ரூபாய் நூறு, தராசில் 379 கிராம் காட்டும். 2011க்கு முந்தியது 485 கிராம். இரண்டையும் கலந்து கட்டினால் நிறுத்துப் பார்க்க முடியாது. 10 ரூபாய்க் காசு செல்லாது என்று கடைகளில் கிளம்பிய வதந்தியையும் பொருட்படுத்த வேண்டாம். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் பாங்கு 2018 ஜனவரியில் விளக்கியிருக்கிறது.

எட்டணாக் காசை, அதாவது 50 பைசாவை, இந்தத் தடவையே முதலில் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி அது இன்னும் செல்லும். ஆனால் ஒரு தவணையில் பத்து ரூபாய் வரைதான். சட்டம் ஏற்பதைக் கடைக்காரரும் கண்டக்டரும் ஏற்பதில்லை. நாலணா போன வழியில் அதுவும் ஒருநாள் போகலாம். அறிவிப்பு வருமுன் பாங்கில் சேர்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.