கடலூர்: நான்கு எழுத்தா, பதினெட்டா?

கணினியில் ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது, அதைத் தொடங்கிவைத்த தாய்நிரலிடமிருந்து, பெயரும் மதிப்புமாக இணைந்த சிறு குறிப்புகளின் பட்டியல் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறது. இக்குறிப்புகளே சூழல் மாறிகள் எனப்படுகின்றன. 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இம்முறை, லினக்ஸ் உள்ளிட்ட அமைப்புகளில் இன்றும் தொடர்கிறது. சேய்நிரலுக்குக் கிடைப்பது நகல் மட்டுமே என்பதால், அது தனக்குள் செய்துகொள்ளும் மாற்றம் தாய்நிரலைத் தொடாது. டெர்மினலின் ஒரு ஜன்னலில் மாறியை வரையறுத்துவிட்டு, முன்பே திறந்திருக்கும் இன்னொரு ஜன்னலில் அதன் விளைவைத் தேடுவோர் ஏமாறுவது இதனால்தான்.

உரைத் தொகுப்பி எனப்படும் டெக்ஸ்ட் எடிட்டர்கள் இம்மாறிகளைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ‘எடிட்டர்’, ‘விஷுவல்’ என்று இரு மாறிகள் இருப்பது, காகிதத்தில் வரி வரியாக அச்சிட்ட பழைய டெர்மினல்களுக்கு ஒரு தொகுப்பியும் முழுத்திரைக்கு வேறொரு தொகுப்பியும் வேண்டியிருந்த காலத்தின் எச்சம். இன்று இரண்டிலும் ஒரே பெயரை எழுதிவைப்பதே வழக்கம். 1976-இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய ‘விஐ’ தொகுப்பி, ‘எக்ஸ்இனிட்’ என்ற மாறியில் எழுதப்பட்ட கட்டளைகளைத் திறந்தவுடன் நிறைவேற்றும். அதன் வழிவந்த ‘விம்’ இதற்கு ‘விம்இனிட்’ என்ற மாறியைப் பார்க்கிறது. இவை வசதிக்கானவை, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். தமிழில் எழுதுவோருக்கு உண்மையில் முக்கியமானது, ‘லேங்’ என்ற சிறிய மொழி மாறி.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அவ்வகையில் கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசுப் பள்ளி மாணவர் பலருடைய வீட்டுக்குள் லினக்ஸ் நுழைந்துவிட்டது. அத்தகைய கணினியில் ‘கடலூர்’ என்ற ஒரு சொல்லை, முடிவில் புதுவரிக் குறி இல்லாமல், கோப்பாகச் சேமிப்பதாகக் கொள்வோம். படிப்பவருக்கு அதில் நான்கு எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால், குறியெண்கள் 6. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணையும் மூன்று பைட்டாக எழுதுவதால், வட்டில் பதிவாவது 18 பைட். (‘சிதம்பரம்’ என்றால் இவை முறையே 6, 9, 27.) எழுத்துகளை எண்ணும் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் கேட்டால், மொழி மாறி தமிழையும் யூடிஎஃப்-8-ஐயும் குறித்திருக்கும்போது 6 என்றும், எந்த மொழியையும் சாராத ‘சி’ என்ற வெறும் மதிப்பு இருக்கும்போது 18 என்றும் விடை வரும், கோப்பில் ஒரு பைட்டும் மாறியிருக்காது.

அதே ‘சி’ மதிப்போடு விம் தொகுப்பியில் அக்கோப்பைத் திறந்தால், அது ஒவ்வொரு பைட்டையும் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியாகக் கருதிக்கொள்ளும். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றின் முதற்பைட்டும் ஒன்றேயாகவும், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்றாகவும் அமைவதால், திரை முழுவதும் தலையில் சாய்கோடிட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ இட்ட வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வரக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதென்று முடிவுகட்டி அதை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வோர் உண்டு. கெட்டது கோப்பன்று, சூழல்.

மொழி மாறிகளுக்குள் ஒரு படிநிலையும் உண்டு. ‘எல்சி ஆல்’ என்பது மற்ற அனைத்தையும் அடக்கிவிடும். எழுத்து, செய்தி, அகரவரிசை என்று துறைவாரியாக உள்ள மாறிகள் அதற்கு அடுத்தவை. அவை இல்லாதபோது மட்டுமே ‘லேங்’ பேசும். எல்லாவற்றையும் தமிழாக்கிவிட ‘எல்சி ஆல்’ மாறியைக் கையிலெடுப்பது பலரும் செய்வதே எனினும் உகந்ததன்று. ஆங்கிலப் பிழைச்செய்தியை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள் அதனால் தடுமாறும்.

அகரவரிசை மாறியின் வேலையைக் கடலூர் மாவட்ட ஊர்ப்பட்டியலிலேயே காணலாம். யூனிகோடு அட்டவணையில் றகரத்துக்குப் பின்னரே ளகரம் வருவதால், எண்ணை மட்டும் பார்க்கும் ‘சி’ சூழலில் குறிஞ்சிப்பாடி முன்னும் குள்ளஞ்சாவடி பின்னும் நிற்கும். தமிழ் அகராதி வரிசையோ இதற்கு நேர்மாறு. குறித்த நேரத்தில் தானாக வேலைகளை இயக்கும் ‘கிரான்’ வழியாக இப்பட்டியலை வரிசைப்படுத்தினால், டெர்மினலில் சரியாக வந்த வரிசை அங்கே பிறழக்கூடும். டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லில் பயனர் வரையறுத்த மாறிகளைக் கிரான் பெறுவதில்லை. அதற்கு வேண்டிய மாறியைக் கிரான் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.