ஏர்சாஃப்ட் துப்பாக்கிப் பற்சக்கரப் பெட்டியின் மின்பழுது

ஏர்சாஃப்ட் துப்பாக்கி என்பது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெகிழிக் குண்டுகளை எய்யும் விளையாட்டுக் கருவியாகும். இவ்விளையாட்டு 1970களில் யப்பானில் தோன்றியது. 1991 ஆம் ஆண்டில் டோக்கியோ மாருய் நிறுவனம் ஃபாமாஸ் துப்பாக்கியின் உருவில் ஒரு மாதிரியை வெளியிட்ட பின்னர், மின்னோடியாலும் பற்சக்கரப் பெட்டியாலும் இயங்கும் வகை பரவலாயிற்று. இவ்வகையில் ஏற்படும் மின்பழுதுகளைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்கும் விதம்

விசையை இழுத்ததும் பெட்டிக்குள் உள்ள ஆளியின் தொடர்பு முனைகள் இணைந்து மின்னோடி சுழல்கிறது. மூன்று பற்சக்கரங்களுள் கடைசியானதில் ஒரு பகுதியில் மட்டுமே பற்கள் உண்டு. அது உந்துதண்டைப் பின்னிழுத்துச் சுருள்வில்லை அமுக்குகிறது. பற்கள் முடிந்ததும் உந்துதண்டு விடுபட்டு முன்பாய்ந்து காற்றை அழுத்துகிறது. சாதாரண மாதிரிகளில் மின்னோடியின் முழு மின்னோட்டமும் அச்சிறிய தொடர்பு முனைகளின் வழியாகவே பாய்கிறது. மின்னோடி ஒரு தூண்டச் சுமையாதலால், சுற்று முறியும் ஒவ்வொரு முறையும் முனைகளில் தீப்பொறி எழுகிறது. நாளடைவில் அவை கருகிக் குழி விழுகின்றன. பெட்டியின் மசகும் அங்கே வழிந்து கரியுடன் சேர்ந்துகொள்ளும்.

பழுதறிதல்

முதலில் குண்டுக்கூட்டைக் கழற்றி, குழலில் குண்டு எஞ்சவில்லை என உறுதி செய்ய வேண்டும். கண் காப்பு அணிவது கட்டாயம்.

பலர் உடனே பெட்டியைத் திறந்துவிடுகின்றனர். இது பெரும்பாலும் தேவையற்றது. விசையை இழுத்தும் எவ்வித ஒலியும் இல்லையெனில் சுற்று எங்கோ அறுந்துள்ளது என்பது பொருள்: உருகி, இணைப்பான், கம்பி, ஆளி, மின்னோடியின் கரித்தூரிகை ஆகியவற்றுள் ஒன்று. மின்னோடி முனகி, கம்பிகள் சூடேறினால் பற்சக்கரம் சிக்கியிருக்கலாம், அல்லது மின்கலம் வலுவிழந்திருக்கலாம். அந்நிலையில் விசையை அழுத்திக்கொண்டேயிருந்தால் மின்னோடி எரிந்துபோகும். ஒற்றைச் சுடுதலில் மட்டும் சுருள்வில் பாதி அமுங்கி நின்றுவிட்டால், தொடர் சுடுதலுக்கு மாற்றி ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

மின்கலத்தின் அழுத்தத்தைச் சுமையின்றி அளப்பது போதாது. 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் அடுக்கு முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட் காட்டும். பழுதான அடுக்கும் சில வேளை அவ்வாறே காட்டிச் சுமையின்போது சரிந்துவிடும். ஆகவே விசையை ஒருகணம் இழுத்து, மின்கல முனைகளிலும் மின்னோடி முனைகளிலும் அழுத்தத்தை அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வழியில் ஏற்படும் இழப்பு. 20 ஆம்பியர் பாய்வதாகக் கொண்டால், வெறும் 0.1 ஓம் தடையும் 2 வோல்ட்டை விழுங்கும். இத்தகைய சிறுதடையைப் பன்மானியின் ஓம் அளவீட்டில் நம்பகமாகக் காண இயலாது. அதன் சோதனைக் கம்பிகளின் தடையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்.

மின்னோடி முனைகளில் போதிய அழுத்தம் இருந்தும் ஒலியே எழாவிடில் கரித்தூரிகைகளைப் பார்க்க வேண்டும். அங்கு அழுத்தமே இல்லையெனில் உருகியிலிருந்து தொடங்கிப் பாதையை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். உருகியை அதிக ஆம்பியர் கொண்டதாக மாற்றுவது தீர்வன்று. அடுத்த முறை கம்பியே உருகும்.

கருகிய முனைகளை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து ஆல்ககாலால் துடைக்கலாம். பெட்டியைத் திறக்கும் முன் மின்கலத்தைக் கழற்றி, பின்சுழற்சித் தடுப்பியை விடுவித்துச் சுருள்வில்லைத் தளர்த்த வேண்டும்.

மோஸ்ஃபெட் பொருத்தியவற்றில் ஆளி வழியே சிறு மின்னோட்டமே செல்வதால் முனைகள் நெடுநாள் உழைக்கும். ஆயினும் மோஸ்ஃபெட் பழுதானால் அது பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகவே மாறும். அப்போது விசையைத் தொடாமலே, மின்கலத்தை இணைத்த கணத்தில் துப்பாக்கி தொடர்ந்து சுடத் தொடங்கும்.