பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு வருமா?

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதும் மென்பொருள், திருத்தம் முடிந்ததும் நேராகப் பயனரிடம் வந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு ஏன் அப்படி வருவதில்லை? அது கைமாறி வருகிறது. கூகுள் எழுத வேண்டும். சிப் தயாரிப்பாளர் அதற்கேற்ற டிரைவர் மென்பொருளைத் தர வேண்டும். போன் நிறுவனம் ஒவ்வொரு மாடலிலும் சோதித்து அனுப்ப வேண்டும். சிப் நிறுவனம் கைவிட்டால், போன் நன்றாக ஓடினாலும் அநேகமாக அவ்வளவுதான். 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் வந்த கூகுளின் ‘ட்ரெபிள்’ திட்டம் இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தியது. 2023இல் கூகுளின் பிக்சல் 8 போனுக்கு 7 ஆண்டு அப்டேட் உறுதி கிடைத்தது. மலிவு போன்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இது அநியாயம்.

குற்றாலச் சாரலைப் படமெடுக்கப் பழைய போன் போதும். ஆனால் அதில் பணம் அனுப்பும் முன் செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ தேதியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பழையதென்றால், வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.