தாலாட்டைப் பதிய ஒரு குட்டி மைக்

வீட்டில் தாலாட்டு தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இப்பவே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் தோழிகளே! என் மாமியாருக்கு 81 வயது. அவர் பாடும் தாலாட்டு எந்த நோட்டிலும் கிடையாது.

செல்போனை நாலடி தள்ளி வைத்துப் பதிந்தால் மின்விசிறி, தெருச்சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். அதனால் ஒரு காலர் மைக் வாங்கினோம். மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, புடவைத் தலைப்பு உரசாத இடத்தில் மாட்டணும். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் குரல் முன்னாடி நிற்கிறது. மற்ற சத்தம் அமுங்கிப் போகிறது. சங்கிலி உரசினால் அதுவும் பதிவாகும். கழற்றச் சொன்னால் மாமியார் கேட்கணுமே! ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

வாங்கும்போது கவனியுங்கள். போனில் ஹெட்போன் துளை இருந்தால், 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கணும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது. துளை இல்லாத போனுக்கு டைப்-சி மைக். ஐபோன் என்றால் 2023-ல் வந்த 15-லிருந்துதான் டைப்-சி. அதற்கு முந்தியதற்கு லைட்னிங் முனை. சில போன்களில் செட்டிங்கில் ஓ.டி.ஜி.யை ஆன் செய்தால்தான் மைக் வேலை செய்யும்.

ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு, மைக்கை நகத்தால் லேசாகத் தட்டி, பத்து விநாடி பதிந்து கேளுங்கள். 'டொக் டொக்' என்று பலமாகக் கேட்டால் அந்த மைக்தான் பதிகிறது. மெதுவாகக் கேட்டால் போனின் சொந்த மைக்.

இதுவரை ஏழு பாட்டு ஆச்சு. எட்டாவதில் நடுவரி ஞாபகம் வரலையாம். தூத்துக்குடியில் இருக்கும் அவர் தங்கையைக் கேட்கப் போகிறோம்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.