பயணி என்பவர் யார்?

சொல்லுக்குப் பொருள் காண்பது புலவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணி என்று கருதுவது உலக வழக்கு. ஆனால் ஒரு சொல்லின் பொருளை ஒட்டியே ஒருவர் வீடு திரும்புவதும் சிறை புகுவதும் அமைந்த வரலாறு ஒன்று உண்டு. மோட்டார் வண்டியில் செல்பவர் தம் உயிர்க்காப்பின் பொருட்டுக் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாமா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக வழக்காடப்பட்டுவரும் வினா. அவ்வினாவின் நடுவே நிற்பது ‘பயணி’ என்னும் சிறு சொல்லே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றம். ஆதலின் இவ்வினா இங்குப் பொதுமக்களிடையே எழுவதில்லை. அமெரிக்காவின் நிலை வேறு. அந்நாட்டு அரசமைப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற இரண்டாம் திருத்தம், படைக்கலம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறுகின்றது. எனினும் அவ்வுரிமையை எங்கே, எவ்வாறு செலுத்தலாம் என்பதை 50 மாநிலங்களும் தத்தம் சட்டங்களால் வரையறுத்து வந்துள்ளன. எல்லைக்கு இப்பால் உரிமையாக இருப்பது அப்பால் குற்றமாகிவிடக்கூடும்.

குதிரைச் சேணத்தில் பிறந்த விலக்கு

மறைத்துப் படைக்கலம் ஏந்துவதைத் தடுக்கும் சட்டங்கள் அந்நாட்டுக்குப் புதியன அல்ல. கென்டக்கி மாநிலம் 1813ஆம் ஆண்டிலேயே சட்டைப்பைத் துப்பாக்கி, குத்துவாள் முதலியவற்றை மறைத்துக்கொண்டு நடமாடுவதைத் தடை செய்தது. ஆனால் நெடுவழிப் பயணம் மேற்கொண்டோர்க்கு மட்டும் அத்தடை இல்லை. இதன் காரணம் வெளிப்படை. ஊருக்குள் அண்டை அயலார் உண்டு. கூப்பிட்டால் ஓடிவருவார் உண்டு. ஊரைக் கடந்துவிட்டால் காடும் வெறுவழியுமே எஞ்சும். பழந்தமிழர் ஆறலைகள்வர் என்று பெயரிட்டழைத்த கூட்டத்தார் எந்நாட்டுப் பாதையிலும் இருந்தவரே. துணையற்ற வழியிற் செல்வோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பதை அன்றைய சட்டம் ஒப்புக்கொண்டது.

டெக்சஸ் மாநிலம் இதே நெறியைப் பின்பற்றியது. உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே கொந்தளிப்பு மிகுந்திருந்தது. 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கைத்துப்பாக்கியை உடலிலோ, குதிரையின் சேணத்திலோ, சேணப்பையிலோ வைத்துச் செல்வதைப் பொதுவாகத் தடுத்தது. சொந்த இடத்தில் இருப்போர், கடமையாற்றும் அதிகாரிகள், மூட்டை முடிச்சுகளுடன் பயணம் செல்வோர் ஆகியோர்க்கு விலக்கு அளித்தது.

விலக்கு அளித்த சட்டம், பயணி என்பவர் யார் என்று கூறாமல் விட்டுவிட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. காலையிற் புறப்பட்டு மாலையில் மீள்பவர் பயணியா? இரவு வெளியூரிலே தங்கினால்தான் பயணியா? இடையே இறங்கி வேறு அலுவலில் ஈடுபட்டவர் இன்னும் பயணிதானா? சென்ற தொலைவு, செலவிட்ட காலம், ஏறிச் சென்ற ஊர்தி ஆகியவற்றைத் தூக்கிப் பார்த்து, நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு விடை கண்டன. மோட்டார் வண்டி பெருகியபின் இவ்வளவுகோல்களும் பயன் குன்றின. குதிரைமீது சில நாள் செல்லவேண்டிய வழியை, உச்சி வேளைக்குள் சென்று மீள முடிந்தது. தொலைவு ஒன்றே; ஆனால் அது பயணமா, அன்றாடப் போக்குவரவா என்பதுதான் விளங்கவில்லை.

வண்டியில் இருந்த துப்பாக்கி

1991ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், டெக்சஸில் உள்ள கில்லீன் நகரத்து உணவகம் ஒன்றினுள் ஒருவன் தன் வண்டியை மோதிப் புகுத்தி, அங்கிருந்தோரைச் சுடத் தொடங்கினான். 23 பேர் மாண்டனர். பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்த சுசான்னா ஹப் என்னும் பெண்மணி தம் கைப்பையைத் தேடினார். அவருடைய கைத்துப்பாக்கியோ வெளியே நின்ற வண்டியில் இருந்தது. அதனை மறைத்துக் கொண்டுவந்தால் சட்டத்தை மீறியவராகித் தம் தொழில் உரிமத்தை இழக்க நேரும் என்று அஞ்சி, அங்கேயே விட்டு வந்திருந்தார். அன்று அவர் தந்தையும் தாயும் உயிர் துறந்தனர்.

பின்னர் அவர் சட்டமன்றக் குழுக்களின் முன் தோன்றி இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். 1996இல் டெக்சஸ் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறைத்துத் துப்பாக்கி ஏந்த உரிமம் வழங்கும் சட்டத்தில் 1995ஆம் ஆண்டு ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்டார். கூட்டத்தின் நடுவே இன்னொரு துப்பாக்கி இருந்தால் அது காக்குமா, குழப்பத்தில் மேலும் சிலரை வீழ்த்துமா என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அவ்வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை.

உரிமம் பெறாது வண்டி ஓட்டுவோர்க்கோ பழைய சொல்லே கதியாக இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி கண்டது. தனியார் மோட்டார் வண்டியில் செல்பவர், குற்றச்செயலில் ஈடுபடாதவராகவும் துப்பாக்கி வைத்திருக்கத் தடையற்றவராகவும் இருந்து, துப்பாக்கியும் வெளியே தெரியாமல் இருந்தால், அவரைப் பயணி என்றே கொள்க என்றது. ஆயினும் அரசு வழக்குரைஞர் சிலர், அக்கொள்கை நீதிமன்றத்தில் எழுப்பவேண்டிய வாதமே அன்றிக் கைது செய்யத் தடையாகாது என்று பொருள் உரைத்தனர். அதனால் 2007இல் சட்டமன்றம் அச்சொல்லைச் சாராமலே விதி செய்தது. தமக்குரிய அல்லது தம் பொறுப்பிலுள்ள வண்டியில், கண்ணுக்குப் புலப்படாதவாறு கைத்துப்பாக்கி வைத்திருத்தல், முன்சொன்ன தகுதிகள் உடையார்க்குக் குற்றம் அன்று என்றாயிற்று. 130 ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடியும் வரையறுக்க முடியாத சொல்லை, வண்டிப் பயணத்தைப் பொறுத்தமட்டில் சட்டம் கைவிட்டது.

எல்லை கடந்தால்

ஒரு மாநிலத்துள் தீர்ந்த சிக்கல் மாநிலங்களுக்கு இடையே தீரவில்லை. ஒரு மாநிலம் வழங்கிய உரிமத்தை மற்றொரு மாநிலம் ஏற்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அதற்கான மசோதா ஒன்று 2017இல் நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியும் மேலவையில் நிறைவேறவில்லை. எல்லை கடப்போர்க்கு 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ஒரு காப்பை அளிக்கின்றது. துப்பாக்கி ஏந்துதல் முறையாக உள்ள ஓரிடத்திலிருந்து அத்தகைய வேறோர் இடத்திற்கு அதனைக் கொண்டுசெல்லலாம். ஆனால் அதில் தோட்டா இருத்தல் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் அமர்ந்திருப்போரின் கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும். தனி அறை இல்லாத வண்டியாயின் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். முன்பக்கச் சிற்றறை அதற்கு ஆகாது. இவ்வாறு பூட்டி வைத்த துப்பாக்கி வழியிடைத் தாக்குதலுக்கு உதவாது என்பது தெளிவு. சட்டம் காப்பது பொருளைக் கொண்டுசெல்லும் உரிமையையே.

அக்காப்பும் மெல்லியது. யூட்டா மாநிலத்தவர் ஒருவர் 2005இல் விமானத்தில் பென்சில்வேனியாவுக்குச் செல்லும்போது, நியூ ஜெர்சியில் மாறவேண்டிய விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைப் பெற்றுக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி உண்டென்று அவரே அறிவித்தபோது கைதானார். பெட்டியை விடுதிக்கு எடுத்துச் சென்றபோதே காப்பு நீங்கியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. டெக்சஸில் இரவு தங்குவது ஒருவரைப் பயணியாக்கத் துணைநின்றது. இங்கே அதுவே அவரைப் பயணத்திற்குப் புறம்பாக்கிற்று.

2013இல் பென்சில்வேனிய உரிமம் பெற்ற தாய் ஒருவர் நியூ ஜெர்சிக்குள் வண்டி ஓட்டிச் சென்றார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது துப்பாக்கி உண்டென்று தாமே கூறினார். அவ்வுரிமம் அங்குச் செல்லாமையால், சில ஆண்டுகள் கட்டாயச் சிறைக்கு இடமான குற்றச்சாட்டு அவர்மேல் சுமத்தப்பட்டது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும் வரை அவர் இடர் முற்றும் நீங்கவில்லை.

தனித்தேவையை நிறுவினால்தான் உரிமம் என்ற நியூயார்க் விதியை, 2022ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அதனால் உரிமம் பெறும் வாயில் பல மாநிலங்களில் அகன்றது. ஆயினும் ஒன்றின் உரிமத்தை ஏனையவும் ஏற்கவேண்டும் என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. காவலர் வண்டியை நிறுத்தியதும் துப்பாக்கி உண்டெனத் தாமே சொல்லவேண்டிய மாநிலமும் உண்டு. கேட்டால் சொன்னாற்போதும் என்னும் மாநிலமும் உண்டு.

சட்டம் இசைந்த இடத்திலும் ஏதம் நீங்கிவிடுவதில்லை. வண்டியில் விட்டுச் செல்லும் துப்பாக்கி கள்வர்க்கு எளிய பொருள். அந்நாட்டில் களவுபோகும் துப்பாக்கிகளுள் பெரும்பங்கு வண்டிகளிலிருந்தே போகின்றது. தற்காப்புக்கென வைத்தது மற்றொருவர் உயிருக்கு உலையாகின்றது. பின்னிருக்கையில் அமரும் சிறுவர் கையும் எட்டாத இடத்தைத் தேடுவதில்லை.

நெடுவழி செல்வோர்க்கு இரக்கம் காட்டவே அன்று சட்டம் அந்த விலக்கைப் படைத்தது. சொல்லின் எல்லையைச் சொல்லாது விட்டமையால், அவ்விரக்கம் ஒருவரைக் காத்தது. அவரைப்போன்ற இன்னொருவரைச் சிக்கவைத்தது. சட்டத்தில் ஒரு சொல்லை வைப்பவர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதையும் உடன் வைத்தாலன்றி, அதன் பொருளை நடுவழியில் நிற்பவரே தம் செலவில் கண்டறிய வேண்டியதாகின்றது.