பேட்ச் போடப் போய்க் கிழித்த கதை: ஆயாவின் பழம்புடவைப் போர்வை

வழக்கமா இங்க கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு போர்வையைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க ஊர் குருவிநத்தம். பாகூர் கொம்யூன்ல, தென்பெண்ணை ஆத்தோரம். எங்க வீட்டுல ஆயா தைச்ச போர்வை ஒண்ணு இருக்கு. நாலு பழைய நூல் புடவையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, முழுக்கக் கையாலயே தைச்சது. நான் பொறந்தப்போ என்னைப் போட்டு வெச்சது அதுலதான். போன மார்கழியில எடுத்துப் பார்த்தா நடுவுல ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். ஆயாவுக்கு இப்போ ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியல. "நீயே தைச்சுடு கண்ணு"ன்னு சொல்லுச்சு.

நான் கடைக்குப் போய் நல்ல கெட்டியான புது காட்டன் துணி வாங்கி, கிழிசல் மேல வெச்சு, நெருக்கமா தைச்சேன். ரெண்டு தடவை துவைச்சதும் பேட்ச் அப்படியே இருக்கு. ஆனா அதைச் சுத்தி நாலு பக்கமும் போர்வை கிழிஞ்சு போச்சு. ஒரு சாண் கிழிசல் மூணு சாண் ஆயிடுச்சு. ஆபீஸ்ல பழைய கோடுக்குப் பேட்ச் போட்டு வேற எதையாவது உடைச்சவங்களுக்கு இந்த வலி புரியும்.

ஏன் இப்படி ஆச்சு? ரெண்டு காரணம்.

முதல் காரணம், சுருக்கம். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள். முதல் சில சலவைகளில் அந்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்கும். பழைய புடவை எப்பவோ சுருங்கி முடிச்சிருக்கும். அதனால புதுத் துணி சுருங்கும்போது பழசையும் சேர்த்து இழுக்கும்.

இரண்டாவது, பலம். போர்வை மடங்கும்போது கெட்டித் துணி சுலபமாக வளையாது. அந்த இழுப்பெல்லாம் தையல் ஓட்டைகள் வழியாக நைந்த துணி மேல் விழும். அதுவும் நான் நெருக்க நெருக்கமா குத்தியிருந்தேன். தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாக வரிசையா ஓட்டை போட்டிருப்பாங்களே, அதே வேலையைத்தான் செஞ்சிருக்கேன்.

ஆயா பார்த்துட்டு சிரிச்சுது. "கிழத்தோட குமரியைக் கட்டி வெச்சா இழுத்துக்கிட்டுதான் போகும்"னு சொல்லுச்சு. அப்புறம்தான் முறையைச் சொல்லிக் குடுத்துச்சு. போர்வையின் வயசுக்கு ஒத்த துணியை எடுக்கணும். கிழிசலை விட நாலு விரல் அகலமா வெட்டி, நல்ல துணி இருக்குற இடம் வரைக்கும் கொண்டுபோகணும். ஓரத்துல மட்டும் தைக்கக் கூடாது. எல்லா அடுக்கையும் சேர்த்து, இடைவெளி விட்டு, வரிவரியா ஓட்டுத் தையல் போடணும். அப்போ இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் நூற்றுக்கணக்கான தையல்களுக்குப் பிரிஞ்சு போகும்.

வங்காளத்துக் காந்தாவும் இதே ஓட்டுத் தையல்தான். பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைப்பாங்க. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வரும். ஊர் ஊருக்குப் பேர் வேற, ஆனா எல்லாத்துக்கும் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன துணிதான் முதல்.

துணி எங்க மண்ணுக்குப் புதுசு இல்ல. அந்தக் காலத்துல புதுச்சேரியிலிருந்து அவுரியில் தோய்த்த 'கினீ' என்ற நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் வரைக்கும் போச்சு. அங்க வேலமரப் பிசினுக்கு விலையா, கிட்டத்தட்ட பணம் மாதிரியே அதைக் குடுத்தாங்க. பின்னாடி பஞ்சாலைகள் வந்துச்சு. 1936 ஜூலை 30 அன்னைக்கு, எட்டு மணி நேர வேலை உள்பட உரிமைகள் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து, 12 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. 1898ல் ரோடியர் மில்லாகத் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30ல் மூடிட்டாங்க.

எங்க தாத்தாவும் ஒரு பஞ்சாலையில வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஆயா தைக்கும்போது போர்வையோட மறுமுனையைச் சுருங்காம புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாராம். அந்தச் சாயங்காலத்துக்காக யாரோ உயிரைக் குடுத்திருக்காங்கன்னு இப்போதான் எனக்கு உறைச்சுது.

பேட்ச் போட ஆயா எடுத்துக் குடுத்தது தாத்தாவோட வேட்டி. பெட்டியில பத்திரமா வெச்சிருந்த ஒரே வேட்டி. எனக்குக் கத்திரி வைக்க மனசு வரல. "பெட்டியில கெடந்தா பூச்சிதான் கட்டிக்கும், வெட்டு"ன்னு சொல்லுச்சு. வெட்டினேன். நான் தைக்க, ஆயா மறுமுனையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துச்சு. முடிக்க நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. தையல் கோணல்மாணல்தான். ஆனா ஆறு தடவை துவைச்சாச்சு, ஒரு இழை பிரியல.

அடுத்த தடவை பாத்திரக்காரர் தெருவுல வந்தா, பழைய துணி மூட்டையை அப்படியே தூக்கிக் குடுத்துடாதீங்க. மெத்துன்னு இருக்குற நூல் புடவை ரெண்டு, வேட்டி ஒண்ணு எடுத்து வைங்க. வீட்டுல தைக்கத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே பக்கத்துல போய் உக்காருங்க. ஊசியில நூலை மட்டும் நீங்க கோத்துக் குடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.