ஓரங்களை மறைக்கும் தொலைக்காட்சி

வீட்டிலுள்ள பழைய தொலைக்காட்சியை மடிக்கணினியோடு இணைத்தால் பாடங்களைப் பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் சில வேளைகளில் படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டுவிடும். ஸ்டார்ட் பொத்தான் தெரியாது. கணித வினாத்தாளில் வரியின் தொடக்கத்திலுள்ள கழித்தல் குறி மறைந்தால் -3 என்பது 3 ஆகிவிடும், விடையும் பிழைத்துவிடும்.

இதனை ‘ஓவர்ஸ்கேன்’ என்பர். இது பழுதல்ல. முன்னைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் இலத்திரன் கற்றையே திரையை வரிவரியாக வருடிப் படத்தை உருவாக்கியது. மின்னழுத்தம் கூடிக் குறைந்தாலும் பாகங்கள் பழசானாலும் படத்தின் அளவு மாறும். ஓரங்களும் நேராக இரா. அக்குறை தெரியாதிருக்கவே படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக அமைத்தார்கள். ஒளிபரப்பாளர்களும் எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளியே வைத்தார்கள். தட்டைத் திரைகள் வந்த பின்னரும் பல தயாரிப்பாளர்கள் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். கணினியோ ஓரத்தின் கடைசிப் புள்ளி வரை பயன்படுத்துகிறது.

1920×1080 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒவ்வோர் ஓரத்திலும் 2.5 சதவீதம் மறைவதாகக் கொள்வோம். இடமும் வலமும் 48 புள்ளிகள் வீதமும், மேலும் கீழும் 27 புள்ளிகள் வீதமும் போய்விடும். எஞ்சிய 1824×1026 புள்ளிகளே திரை முழுவதற்கும் இழுக்கப்படுவதால் எழுத்துகளும் மங்கும்.

திருத்தும் முறை இதுதான்:

1. கணினியில் எதையும் மாற்றுமுன் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுங்கள். படம் அல்லது திரை அளவு பற்றிய மெனுவுக்குச் செல்லுங்கள். சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்றவாறு இருக்கும். சிலவற்றில் ‘ஓவர்ஸ்கேன்’ என்றே இருக்கும். அதை ஓஃப் செய்யுங்கள்.

2. அது கிடைக்காவிட்டால், எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பீசி’ என்று மாற்றிப் பாருங்கள். சில தொலைக்காட்சிகளுக்கு இதுவே போதும்.

3. கணினியின் திரைத் தெளிவுத்திறனைத் தொலைக்காட்சியின் அளவுக்குச் சமமாக வையுங்கள்.

4. இவை எதுவும் பலிக்காவிட்டால் மாத்திரம், கணினியின் கிராஃபிக்ஸ் மென்பொருளில் படத்தைச் சுருக்குங்கள். ஓரங்கள் திரும்பக் கிடைக்கும். ஆனால் தெளிவு சற்றுக் குறையும். அதனால்தான் இது கடைசி வழி.

ஆகவே, பிள்ளைகளின் படிப்புக்கெனப் புதிய திரை வாங்கப் பணம் தேடுமுன், பெற்றோர் அந்த ரிமோட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.